கோட்டு அளவு

கயல்மொழிக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவளோடு பிறந்த இரட்டை தேன்மொழிக்குக் கிடைக்கவில்லை. கல்லூரி திறக்க இருந்த வாரம் கயல் காய்ச்சலில் படுத்துவிட்டாள். வெள்ளைக் கோட்டு தைக்க வேண்டியிருந்தது.

"ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானே. நீ போய்க் குடுத்துட்டு வாடி," என்று அம்மா தேன்மொழியைத் தையல் கடைக்கு அனுப்பினாள். ஒரே அளவு என்ற சொல் வழி நெடுக அவளுக்குள் எரிந்தது.

தையல்காரர் தோளில் நாடாவை வைத்தார். "எந்த காலேஜும்மா?"

கயல் தேர்ந்தெடுத்தது சென்னை.

"மதுரை," என்றாள் தேன்மொழி.

"மேல என்ன படிக்கப்போற?"

"குழந்தைங்க டாக்டருக்கு." கயலுக்கு இருதய டாக்டராகத்தான் ஆசை. சொல்லச் சொல்ல தேன்மொழியின் முதுகு தானாக நிமிர்ந்தது. பாக்கெட் மேல் என்ன பேர் தைக்கணும் என்று அவர் கேட்டதும், "தேன்மொழி" என்று சொல்லிவிட்டாள்.

கோட்டு வந்த அன்று கயல் அந்தச் சிவப்பு எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். தேன்மொழி சுவரைப் பார்த்து நின்றாள்.

"பிரிச்சுத் தைக்கச் சொல்லிரலாம்," என்ற கயல் கோட்டை நீட்டினாள். "அதுக்கு முன்னால ஒரு தடவை போட்டுக் காட்டு."

தேன்மொழி போட்டுக்கொண்டு கடைசிப் பொத்தான் வரை மாட்டினாள். கயல் வெகுநேரம் பார்த்தாள்.

"சரி, கழட்டு."

தேன்மொழி கழற்றவில்லை.