இல்லை என்று சொல்லாத கடை

கார் உதிரிபாகங்கள் மொத்தமும் காலையில்தான் எடைக்குப் போயிருந்தன. கடையை ஒரேயடியாகப் பூட்டிவிடத் தவசிலிங்கம் ஷட்டரைப் பாதி இறக்கியபோது, பழைய வாடிக்கைக்காரர் சவரிநாயகம் குனிந்து உள்ளே வந்து, தேய்ந்த கார்பன் பிரஷ் ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"ஸ்டார்ட்டர்ல இருந்து கழட்டுனது அண்ணாச்சி. வண்டிய ஆளுங்களை விட்டுத் தள்ளித்தான் கிளப்பிட்டு வந்தேன். ஆஃப் பண்ணா அவ்வளவுதான், இங்கயே நின்னுரும். இதே மாதிரி ஒண்ணு குடுங்க."

கடையில் நின்றுகொண்டு 'இல்லை' என்று தவசிலிங்கம் வாயால் சொன்னதே கிடையாது. சரக்கு தீர்ந்திருந்தால் 'நாளைக்கு வரும்' என்பார், வந்தும்விடும்.

"உக்காருங்க, எடுத்துட்டு வாரேன்" என்று வாய் முந்திக்கொண்டது.

உள்ளறை இருட்டில் கை தானாகப் பழகிய தட்டுக்குப் போனது. எத்தனையோ வண்டிகளை வீடு சேர்த்த தட்டு. கிரீஸ் வாசனை மட்டும் மிச்சமிருந்தது. அடுத்த தட்டையும் தடவினார். நாளைக்கு என்றும் இனிச் சொல்ல முடியாது. வெளியே எஞ்சின் ஓடும்வரை தனக்கும் நேரமிருப்பதுபோல் காதை அதிலேயே வைத்திருந்தார்.

சட்டென்று சத்தம் நின்றது.

"நீங்க பதறாம தேடுங்க அண்ணாச்சி" என்று வாசலிலிருந்து சவரிநாயகத்தின் குரல் வந்தது. "வண்டிய ஆஃப் பண்ணிட்டேன்."