முப்பத்தொன்பதாவது கிண்ணம்

தீர்க்கதரிசன வரமெல்லாம் அப்போஸ்தலர்களோடு முடிந்துபோயிற்று என்று எங்கள் போதகர் அடித்துச் சொல்வார். ஆனால் திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவுகிறவள், ஆராதனைக்கு முன்பே, வரப்போகிறவர்களின் எண்ணிக்கைக்குச் சரியாகத் திராட்சரசம் ஊற்றிவைப்பாள். ஒன்றுகூட மிஞ்சாது, குறையாது. அந்த வரத்துக்காக நாற்பது நாள் உபவாசம் கிடந்த போதகரம்மாவுக்கு வயிறு எரியாதா?

போன வாரம் வீடு வீடாகப் போன் போட்டு விசாரித்து, போதகரம்மாவே முப்பத்தெட்டுக் கிண்ணம் ஊற்றினார்.

"இன்னும் ஒண்ணு வேணும்மா."

"எனக்கு எண்ணத் தெரியாதாக்கும்! போய் உக்காருடி."

முப்பத்தெட்டுப் பேரே வந்தார்கள், எல்லாரும் குடித்தார்கள். போதகரம்மா வெறும் தட்டோடு அவளை வெற்றிப் பார்வை பார்த்தார். அவள் கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே, போன மாதம் நாங்கள் கல்லறைக் குழியில் மண் போட்டுவிட்டு வந்த, ஆர்கன் வாசிக்கிறவர், கிண்ணத்துக்காகக் கை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.