பனிக்காலக் கேசட்

"சத்தமே இல்லாத கேசட் ஒண்ணு போட்டா என்னம்மா?" என்று சுமிரே ஒரு நாள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

"அதை யாருடி வாங்குவா?"

"சத்தம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவங்க."

கயோகோ சிரித்துவிட்டு, முதலில் உன் வேலையைப் பார் என்றாள். அவர்கள் ஊரான கனசாவாவில் பனிக்காலத்தில்தான் இடி அதிகம். அதனால் இரவில், ஒரு பதிவுப் பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குச் சத்தத்தைக் கொண்டுபோகும் ஒயரைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். காலையில் அதைத் திரும்பச் செருகுவது சுமிரேவின் வேலை. செருகிவிட்டு, "ம், ஆரம்பி" என்று மேலதிகாரி மாதிரி சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள்.

கயோகோவின் கேசட்டுகளுக்கு 'தூறல்' என்று பெயர். ஆர்கனின் நீண்ட சுரங்கள், ஓடைச் சத்தம், மழை. மனசைத் தணித்துத் தூங்கவைக்கிற இசை. பின்கட்டு அறையில் அவளே பதிவு செய்து, அவளே பிரதி எடுத்து, வழக்கமாக வாங்குகிற சிலருக்குத் தபாலில் அனுப்புவாள்.

ஒன்பது வயதில் சுமிரே காய்ச்சலில் போய்விட்டாள். நாற்பத்தொன்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு கயோகோ பனிக்காலக் கேசட்டைப் பிரதி எடுத்தாள். மகள் படுத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தது அது. காது கொடுத்துக் கேட்க அவளால் முடியவில்லை. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, சக்கரங்கள் சுற்றுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். உறையில் 'சுமிரேவுக்காக' என்று எழுதி அனுப்பினாள். அதுவே கடைசி என்று அப்போதே மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

இதைச் சொன்னபோது, அவளைப் பார்க்க வந்திருந்த ஹட்டோரி கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். தெருக்கோடிப் பொதுக் குளியல்கூடம் அவருடையது. உடை மாற்றும் அறையில் 'தூறல்' கேசட்டுகளைத்தான் எப்போதும் ஓடவிடுவார்.

"நிறுத்தாதேம்மா. இதுவரைக்கும் நீ போட்டதுலயே அந்தப் பனிக்காலக் கேசட்தான் ஒசத்தி."

"எனக்காகச் சொல்றீங்க, ஐயா."

"எனக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? நோடாம்மாவைத் தெரியுமில்ல, உடம்பைத் தேய்க்கிறதைவிட ஊரைத் தேய்க்கிறவ. அவளே அது ஓடும்போது வாயைத் திறக்கிறதில்ல. தினம் கையில எடுத்து எடுத்து மேல ஒட்டின பேர்கூட அழிஞ்சிருச்சு."

கடிதங்களும் அப்படித்தான் வந்திருந்தன. குடும்பமே விளக்கைக் குறைத்துவிட்டுக் கடைசிவரை பேசாமல் உட்கார்ந்திருந்தோம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கைகூப்பிக்கொண்டே கேட்டேன் என்று இன்னொருவர். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் வேறென்ன சொல்வார்கள் என்று அவற்றைக் கயோகோ எடுத்து வைத்துவிட்டாள்.

"எந்த இடம் உங்களுக்குப் பிடிச்சுது?"

ஹட்டோரி சற்று யோசித்தார். "இந்த இடம்னு எப்படிச் சொல்றது? ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே மாதிரி."

"முடிவுல வர்ற கோயில் மணி?"

அவர் அவளையே பார்த்தார். பிறகு தேநீரை எடுத்துக்கொண்டார். "தண்ணிச் சத்தத்துல அது எனக்கு விழலையோ என்னவோ. காதும் கிழடாகுதும்மா."

அவர் போனபிறகும் கயோகோவுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. அவர் சொன்னது வெறும் இரக்கமா, நிஜமா? அந்தக் கேசட்டின் பெயர் நிஜமாகவே அழிந்திருந்தால் தொழிலைத் தொடர்வது, இல்லையென்றால் பெட்டிகளை விற்றுவிடுவது. அப்படி நினைத்துக்கொண்டு, அன்று எடுத்ததில் மிச்சமிருந்த புதுப் பிரதி ஒன்றைக் கொடுக்கிற சாக்கில் மறுநாள் மதியம் குளியல்கூடத்துக்குப் போனாள். மகள் போனபிறகு அந்தப் படியை அவள் மிதித்ததில்லை.

திறக்க இன்னும் நேரமிருந்தது. ஹட்டோரி பின்பக்கம் கொதிகலனுக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தார். உடை மாற்றும் அறையில் யாருமில்லை. கேசட் பெட்டியின் பக்கத்தில் ஒரு காப்பிப்பால் புட்டி இருந்தது. குளித்ததும் சுமிரே குடிப்பது. புட்டி வேர்த்திருந்தது, அப்போதுதான் ஹட்டோரி அவளுக்கென்று எடுத்து வைத்திருக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்து கேசட்டை எடுத்தாள். மேலே ஒட்டியிருந்த தாள் விரல் பட்டுப் பட்டு வெளுத்து, ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. அவர் பொய் சொல்லவில்லை.

முதல் தடவையாக அதைக் கேட்டுவிடும் தைரியம் அவளுக்கு வந்தது. கேசட்டை உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

சக்கரங்கள் சுற்றின. ஒன்றும் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினாள். அப்போதும் இல்லை. ஓடி ஓடித் தேய்ந்துவிட்டதோ என்று பயந்து, அங்கிருந்த போன வருடக் கேசட்டைப் போட்டாள். ஓடை சலசலவென்று ஓடியது. பையிலிருந்த புதுப் பிரதியைப் போட்டாள். ஒன்றுமில்லை.

அப்போதுதான் உறைத்தது. பிரதி எடுத்த அன்று காலையில் ஒயரைச் செருக யார் இருந்தார்கள்?

ஹட்டோரியும் நோடாம்மாவும் கடிதம் போட்டவர்களும் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தது, ஏழு வயதில் சுமிரே போடச் சொல்லிக் கேட்ட அந்தச் சத்தமில்லாத கேசட்டை.

கயோகோ ஒலியைப் பழையபடி குறைத்து, பெயர் அழிந்த கேசட்டை மறுபடி உள்ளே போட்டு, அது முன்பு நின்ற இடத்துக்கே சுற்றி வைத்தாள். அவர் சொல்லாமல் காத்ததை, தெரிந்துகொண்டதாகக் காட்டாமல் அவளும் காத்தாள். புதுப் பிரதியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும், மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், ஒயரின் இரண்டு முனைகளையும் தன் கையாலேயே செருகி, "ம், ஆரம்பி" என்றாள்.