கீழ் வீட்டு ஆவி

"அது செத்துப்போன என் சம்சாரம்தாம்மா. பேரு ஐரீன். யாரையும் ஒண்ணும் பண்ணமாட்டா. நீ மேலே போ."

கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் காஸிமிர் இவ்வளவுதான் சொன்னார். கதவின் சங்கிலியைக்கூடக் கழற்றாமல், திரும்பவும் சாத்திக்கொண்டார்.

சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல வந்த மோரா, மாடிப்படி விளக்கைப் போட்டுக்கொண்டுதான் மேலே ஏறினாள்.

வூஸ்டர் நகரில் அந்தப் பழைய மரவீட்டின் மாடிக்கு அவள் இலையுதிர் காலத்தில் குடிவந்தாள். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட மகள் டெஸ்ஸை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிவந்தது டிசம்பரில். சத்தமும் அந்த வாரம்தான் ஆரம்பித்தது.

அடித்தளத்து அறையில், வீட்டைச் சூடாக்கும் பாய்லர் ஓடத் தொடங்கியதும் தரைக்கடியில் ஒரு தட்டு கேட்கும். பிறகு இரண்டு. அப்புறம் சுவருக்குள்ளே யாரோ சுத்தியலோடு ஏறி வருவதுபோல டங், டங், டங் என்று வந்து, தொட்டிலுக்குப் பக்கத்தில், அறைக்குச் சூடு தரும் இரும்பு ரேடியேட்டரில் நிற்கும். டெஸ் அழமாட்டாள். கண்ணை அகலத் திறந்து அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். மோரா ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொள்வாள்.

வேலை செய்யும் சலவைக்கூடத்தில் சொல்லிப் பார்த்தாள். பேயாவது பிசாசாவது, கைக்குழந்தையோடு தனியாக இருப்பவளை மிரட்டி வீட்டைக் காலி பண்ணவைக்கப் பார்க்கிறான் கிழவன் என்றார்கள். யோசிக்க யோசிக்க அவளுக்கும் அப்படித்தான் பட்டது. சனிக்கிழமை தானே ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டாள்.

வந்தவர் ஆர்மாண்ட், அந்தப் பக்கத்துப் பழைய ஆள். ரேடியேட்டர் ஓரத்தில் காற்று வெளியேறும் சின்னத் துளையை விரலால் தடவியவர் புருவத்தைச் சுருக்கினார். எப்போதோ அடித்த பெயிண்ட் அதை முக்கால்வாசி அடைத்திருந்தது. எல்லா அறையிலும் அதே கதைதான்.

"காத்து வெளியே போனாத்தான் பாய்லர்லேர்ந்து கொதிநீர் ஆவி உள்ளே வரும். இந்த லட்சணத்துக்கு உன் வீடு ஐஸ் பெட்டியா இருக்கணும். நீ என்னடான்னா அரைக்கைச் சட்டையோட நிக்கிறே. பாய்லர் ஓயாம ஓடினாத்தான் இவ்வளவு சூடு ஏறும். யாரு அப்படி ஓட்டுறா?"

மோரா தயங்கித் தயங்கி, கீழ் வீட்டுக்காரரின் செத்துப்போன மனைவியைப் பற்றிச் சொன்னாள்.

ஆர்மாண்ட் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"காஸிக்கு ஏது சம்சாரம்? அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடம். அவன் கல்யாணமே பண்ணிக்கலையே."

அந்த நேரம் பார்த்துத் தரைக்கடியில் ஒரு தட்டு. பிறகு இரண்டு.

மோரா ஆர்மாண்டின் பக்கம் ஒட்டி நின்றாள். அடுத்த நிமிடமே பயம் கோபமாக மாறியது. குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஆர்மாண்டோடு அடித்தளத்துக்கு இறங்கினாள். பாய்லரில் பழுதில்லை. குழாய்களின் சரிவும் சரியாக இருந்தது. ஆர்மாண்ட் ஒரு குழாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டு மேலே கைகாட்டினார். சத்தம் காஸிமிரின் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

கதவைத் தட்டினார்கள். சங்கிலி நீளத்துக்குத் திறந்தது. அந்த இடுக்கு வழியே குளிர்காற்று வந்து அவர்கள் காலைத் தொட்டது. உள்ளே திரை இழுத்து மூடிய இருட்டு. காஸிமிர் மூச்சுவிட்டபோது வாயிலிருந்து புகை வந்தது.

"ஐரீன் தூங்குறா. போங்க."

மோரா பொறுத்தது போதும் என்று கொட்டித் தீர்த்தாள். இல்லாத பெண்டாட்டியைச் சொல்லிப் பச்சைக் குழந்தையை மிரட்டுகிறவர் மனுஷனா என்று கேட்டாள். இந்த வாரமே காலி செய்துகொண்டு போகிறேன், போவதற்கு முன்னால் நகராட்சியில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்றாள். காஸிமிர் தலை குனிந்துகொண்டார்.

"சரி காஸி, நீ உள்ளே விடமாட்டே. நான் பாய்லரை அணைச்சுட்டுப் போறேன். திங்கக்கிழமை பார்த்துக்கலாம்," என்றார் ஆர்மாண்ட்.

சங்கிலி கழன்றது.

"அணைக்காதேடா. மேலே குழந்தை இருக்கு."

உள்ளே தெருவைவிடக் கொஞ்சம்தான் தேவலை என்கிற குளிர். காஸிமிர் ஓவர்கோட்டின் மேல் போர்வை சுற்றியிருந்தார், காதுவரை கம்பளித் தொப்பி. ஆர்மாண்ட் ரேடியேட்டர் முன்னால் மண்டியிட்டு வால்வைத் தொட்டார். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அறையின் சூட்டைப் பார்த்து பாய்லரை ஓட்டும் கருவி அங்கேதான் இருந்தது.

"இந்த அறை சூடாகாத வரைக்கும் பாய்லர் ஓயாதும்மா," என்றார் மெதுவாக. "ஆவி பூரா உன் வீட்டுக்குத்தான் ஏறும். இவன் தன் வால்வைப் பாதி மூடி வச்சிருக்கான். உள்ளே தேங்கின தண்ணியை ஆவி வந்து மோதுது. நீ கேட்ட தட்டல் அதுதான்."

மோரா குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

ஆர்மாண்ட் மாடியில் அடைபட்டதையெல்லாம் மாற்றி, கீழே புது வால்வு போட்டு முடித்தபோது நாலு மணி. பாய்லர் ஓடத் தொடங்கியது. வீட்டில் ஒரு சத்தமில்லை. காஸிமிரின் ரேடியேட்டர் சுடத் தொடங்கியது. அவர் ஓவர்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். விரல்கள் விறைத்திருந்ததால் நேரமாயிற்று. மோராதான் கடைசி இரண்டைக் கழற்றிவிட்டாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றாள்.

"யார் தயவும் வேண்டாம்னு முதல் நாளே சொன்னவ நீ. உங்களுக்காகத்தான்னு தெரிஞ்சா குழந்தையைத் தூக்கிட்டுப் போயிடுவே. அதான் ஐரீன்னு ஒரு கதை கட்டினேன்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "முழுசா மூடத்தான் பார்த்தேன். பழைய வால்வு, பாதிக்கு மேலே திரும்பலை. சத்தத்துக்கு மன்னிச்சுக்கம்மா."