மேசையின் மறுமுனை

“தூக்கும்போது பேசாதீங்க சார், கால்ல போட்டுருவீங்க” என்று முதல் தடவையே மேசையின் மறுமுனையிலிருந்து சுகுணா சொல்லியிருந்தாள். “சரிங்க மேடம்” என்று தனபால் வாயை மூடிக்கொண்டான். புதிதாக வரும் எந்த மாவட்ட நூலக அலுவலரும் முதலில் இவர்கள் இருவரையும் கூப்பிட்டுத் தன் மேசையைத்தான் நகர்த்தச் சொல்வார். கிழக்கு பார்த்து உட்கார்ந்தவருக்குப் பதவி உயர்வு வந்தது. வடக்கு பார்த்தவரைத் தூக்கியடித்தார்கள். சன்னலோரம் போனவர் தூங்கியே ஓய்வு பெற்றார். மேசையைப் பிடித்திருக்கும்போது சுகுணாவால் விலகிப் போக முடியாது என்பது தனபாலின் கணக்கு. ஆனாலும் கேட்க வந்ததை ஒவ்வொரு முறையும் அடுத்த அலுவலருக்குத் தள்ளிப்போட்டான். இன்று பொறுப்பேற்ற அலுவலர் அம்மா, “மேசை இங்கயே இருக்கட்டும்” என்றார். சுகுணா பிடித்திருந்த மேசையிலிருந்து கையை எடுத்தாள். தனபால் எடுக்கவில்லை. “சுகுணா, நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?”