நுழையும் இடம்

பதினோராவது முறையும் பாட்டில் நுழைய வேண்டிய இடத்தைத் தவறவிட்டாள்.

முரசுகள் நின்றன. கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

பாட்டு அவளுடையது. தாளம் அவள் அம்மாவுடையது.

இருபத்திரண்டு வருடம் லிஸ்பனில் பியானோவோடு பாடியவள். மேடைக்கு மேடை பூங்கொத்து. போன வருடம் ஒரு மாலை, பாட்டின் நடுவே, தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. அதன்பின் எதைப் பாடினாலும் அப்படித்தான்.

அம்மாவின் முரசோடு பாடினால் குரல் திரும்பிவிடும் என்று நம்பித்தான் பிறந்த ஊரான பிரேசிலின் சால்வடோருக்கு வந்திருந்தாள்.

அந்த முரசு இப்போது தங்கை ஜுரேமாவிடம் இருந்தது. தங்கையும் இன்னும் இரண்டு பெண்களும் வாசித்தார்கள். நான்கு நாளாகத் தாளத்தைத் தவிர வேறெதுவும் ஜுரேமா பேசவில்லை.

இன்று பதிவின் கடைசி நாள்.

இன்னும் ஒரே ஒரு தடவை என்று தங்கையிடம் கேட்டாள். கெஞ்சுவது அவளுக்கே கேட்டது.

ஜுரேமா முரசின் தோலைத் தடவிக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்.

"அம்மா போனப்போ, நீ வந்துருவேன்னு மூணு நாள் அடிச்சோம்க்கா. கையெல்லாம் வீங்கிப்போச்சு. எடுத்துடலாம்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் விடலை."

அந்த மூன்று நாளும் அவளுக்குப் பாரிஸில் கச்சேரி. மலர்வளையத்துக்கு ஏற்பாடு செய்திருந்தாள்.

 

ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"அன்னிக்கு அடிச்சதை அடி."

அது பதிவு பண்ணுவதற்கு இல்லை என்றாள் ஜுரேமா.

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பி, பதிவை நிறுத்தச் சொல்லிக் கையசைத்தாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

ஜுரேமா தொடங்கினாள். முதலில் ஒரே கை. மிக மெதுவாக. மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

எங்கே நுழைவது என்று அவள் எண்ணவில்லை.

வந்தது பாட்டு இல்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு கேவல். பிறகு இன்னொன்று. ஒலிவாங்கியின் கம்பத்தைப் பிடித்தபடியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

யாரும் எழுந்து வரவில்லை.

இரண்டு பெண்களும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவள் கேவலுக்கிடையே மூச்சிழுக்கும் இடம் வந்தபோதெல்லாம் ஜுரேமா மட்டும் அடிக்காமல், கையை உயர்த்தியபடி காத்திருந்தாள்.