டேப் தட்டினால் வரும் பெயர்

"நானாத்தான் மேடம் இருக்கும்" என்றாள் மோகனப்பிரியா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மேலாளர் கஸ்தூரி கடிகாரத்தைப் பார்த்தார். "இருக்கும்னா? செஞ்சியா, இல்லியா? நாலு மணிக்குள்ள கிளையன்ட்டுக்கு நான் பேர் அனுப்பணும்மா."

மணி மூன்று நாற்பது. கிளையன்ட்டான பூந்தமல்லி மருந்துக் கிடங்குக்கு இரண்டு சர்வர். காலையில் பழையதை அழிக்கச் சொன்னால், யாரோ புதியதை அழித்துவிட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு. அதனால் பதிவில் நேரம் இருந்தது, ஆள் இல்லை.

அந்த நேரத்தில் சீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இவள், சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. இன்னொருவர் டீம் லீட் வெங்கட், பத்து வருட அனுபவஸ்தர். சந்தேகம் யார் தலையில் போய் விழும் என்று சொல்லவா வேண்டும்?

வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலை நிரந்தரமாகிற நாள். ஆவடி குவார்ட்டர்ஸ் முழுக்க அப்பா ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். காலையில் அவளும் பழைய ஃபைல்களை அழித்துக்கொண்டுதான் இருந்தாள். கை தவறிவிட்டதோ? யோசிக்க யோசிக்க, பாவம், அவளுக்கே அவள்மேல் நம்பிக்கை போய்விட்டது.

"எப்டி ஆச்சுன்னு நான் சொல்றேன் மேடம்" என்று வெங்கட் முன்னால் வந்தார். "சர்வர் பேரு இருபத்தாறு எழுத்து. கடைசி நம்பர் மட்டும்தான் வேற. முழுசா அடிச்சா நம்பரப் பாத்துத்தான் அடிப்போம், தப்பாவாது. இப்ப மூணு எழுத்து அடிச்சிட்டு டேப் கீயத் தட்டுனா மீதி தானா வந்துரும். அந்த வசதியப் போன வாரந்தான் ஒவ்வொரு சிஸ்டமா போட ஆரம்பிச்சோம். போடுற வேலையே ப்ரியாவுதுதான்."

"அதனால?"

"டேப் தட்டுனா முதல்ல புது சர்வர் பேருதான் வந்து நிக்கும். இன்னொரு தட்டு தட்டுனாத்தான் பழசு. பாக்காம என்டர் அடிச்சா முடிஞ்சுது. அதான் நடந்துகீது. இதோ, ப்ரியா சிஸ்டத்துலயே காட்றேன், வாங்க."

மூவரும் அவள் மேசைக்கு வந்தார்கள். வெங்கட் உட்கார்ந்து மூன்று எழுத்தை அடித்தார். டேப்பைத் தட்டினார்.

ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினார். கணினி பீப் என்று கத்தியது. அடுத்த தட்டில் கீபோர்டே துள்ளியது.

"இன்னாம்மா இது? வர மாட்டேங்குது!"

மோகனப்பிரியா திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"வராது சார். மொதல்ல டீம் லீடுக்கு, அப்புறம்தான் மத்தவங்களுக்குன்னு சொன்னீங்க. இதுவரைக்கும் உங்களுக்கு மட்டும்தான் போட்டிருக்கேன்."